வேலை, வீடு, பிள்ளையள், இதுக்குள்ள பொழுதுபோக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில எங்கட ஊரில, பின்னேரத்தில சனசமூக நிலையத்துப் பக்கம் ஆக்கள் சேரேக்க இந்தக் கதை திரும்பத் திரும்ப வருது. முப்பது தாண்டினவை, கலியாணம் கட்டினவை, வேலைக்கும் ரியூசனுக்கும் கோயிலுக்கும் நடுவில ஓடிக்கொண்டிருக்கிறவை, எல்லாரும் கேக்கிறது கிட்டத்தட்ட ஒரே கேள்வியளைத்தான். அதால கேட்டதுகளையும் நான் சொல்லுற மறுமொழியையும் ஒரு இடத்தில எழுதிப்போட்டா நல்லம் எண்டு பட்டுது.

பொழுதுபோக்கு எண்டு எதைச் சொல்லுறியள்? இரவில போன் பாக்கிறதும் பொழுதுபோக்குத்தானே?

போன் பாக்கிறதை ஓய்வு எண்டு சொல்லலாம், களைச்சு வந்த மனிசன் அரை மணித்தியாலம் வீடியோ பாத்தா ஒண்டும் குடிமுழுகிப்போகாது. ஆனா நான் பொழுதுபோக்கு எண்டு சொல்லுறது நீங்களாத் தேடிப் போய், கையையோ காலையோ மூளையையோ குடுத்துச் செய்யிற விசயம். அடுத்த கிழமை அது வரும் எண்ட ஆசை இண்டைக்கே இருக்கவேணும். முந்திரிகைப் பந்தல் போட்டுக் கவனிக்கிறது, 304 எண்ட காட்ஸ் விளையாட்டு விளையாடுறது, பழைய ரேடியோ திருத்துறது, கூத்துப் பழகுறது, ஞாயிறு விடிய சயிக்கிளில கீரிமலைக்குப் போய் முழுகிட்டு வாறது, எதெண்டாலும் சரி. ஒரே ஒரு நிபந்தனை, அதைச் செய்யச்சொல்லி ஒருத்தரும் உங்களைக் கேட்டிருக்கக்கூடாது.

நேரமே இல்லை. நேரத்துக்கு எங்க போறது?

எல்லாரும் முதல் கேக்கிறது இதுதான், அதால ஆறுதலாச் சொல்லுறன். அரசாங்க ஒவ்வீஸ் 8.30க்குத் தொடங்கி 4.15க்கு முடியுது. கேக்க நல்ல நேரம் போலத்தான் இருக்கும், ஆனா அதுக்குப் பிறகுதான் மற்ற வேலை தொடங்குது, ஒரு பிள்ளையை ரியூட்டரியில இறக்கவேணும், மற்றதை வேற ரியூட்டரியில இருந்து ஏத்தவேணும், வாற வழியில மீனோ மரக்கறியோ வாங்கவேணும், ஊரில செத்தவீடு எண்டா அங்கயும் ஒருக்கா தலை காட்டவேணும், வீட்டை வந்து சேர 7 மணி. கடை, பினான்ஸ், தனியார் கொம்பனி எண்டு நிக்கிறவைக்கு அந்த 4.15ம் இல்லை.

இதுக்குள்ள மிஞ்சுற நேரத்தில ஏதும் செய்வம் எண்டு இருந்தா ஒருநாளும் நடக்காது. நேரம் மிஞ்சுறேல்ல, மிஞ்சினாலும் வட்ஸ்அப் குறூப் வந்து அதை எடுத்துப்போடும். கிழமையில ஒரு நாளையும் ஒரு மணித்தியாலத்தையும் முதலே ஒதுக்கி வீட்டில எல்லாருக்கும் சொல்லி வையுங்கோ. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போறவையை ஏன் போறாய் எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல, அந்த நேரம் அவைக்குரியது எண்டு வீடு பழகிட்டுது. வியாழன் பின்னேரம் அம்மாவுக்குச் சங்கீதம், அப்பாவுக்குப் பட்மின்ரன் எண்டும் வீடு பழகும், கொஞ்சக் காலம் எடுக்கும், முதல் மாசம் எல்லாரும் முறைப்பினம், பிறகு அவையே நேரத்தை ஞாபகப்படுத்துவினம்.

இன்னொண்டு, ரியூட்டரி வாசலில நிக்கிற அப்பாமார் அம்மாமாரைப் பாருங்கோ. வீட்டை போட்டுத் திரும்பி வர பெற்றோல் செலவு எண்டு மோட்டசைக்கிளிலயே ஒண்டரை மணித்தியாலம் இருக்கினம், எல்லார் கையிலயும் போன். அந்த நேரம் உண்மையில ஆருக்கும் குடுக்காத நேரம். அதில புத்தகம் வாசிக்கலாம், குரோசே பின்னலாம், பக்கத்து அப்பாவோட செஸ் போடலாம், ஒழுங்கையளைச் சுத்தி நடக்கலாம். உடம்புக்கு எண்டு பாத்தாலும் உலக சுகாதார நிறுவனம் பெரிய ஆக்களுக்குச் சொல்லுறது கிழமைக்கு 150 நிமிசம் கொஞ்சம் மூச்சு வாங்குற அளவு அசைவு, ரியூட்டரி வாசல் நடையிலயே அது முடிஞ்சிடும்.

ஆனா ஒண்டு சொல்லவேணும். ரெண்டு வேலை செய்து, கிழமைக்குக் கிழமை மைக்ரோபினான்ஸ் லோன் கட்டுற வீட்டில போய் உங்களுக்கு என்ன பொழுதுபோக்கு எண்டு கேக்கிறது சரியில்லை. அவைக்கு முதல் தேவை நித்திரை. அப்பிடி இருக்கிறவை இதை வாசிச்சிட்டு நாங்கள் ஏதோ குறை விடுறம் எண்டு நினைக்கவேண்டாம்.

முப்பத்தைஞ்சு வயதில பட்டம் ஏத்தப் போறன் எண்டா சனம் சிரிக்காதோ?

தைப்பொங்கலண்டு பின்னேரம் வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கோ, அங்க பட்டம் ஏத்துறவையில சின்னப்பிள்ளையள் எத்தினை பேர், மீசை வைச்சவை எத்தினை பேர் எண்டு. பட்டத் திருவிழாவுக்கு வாற பெரிய பட்டங்களைக் கட்டுறது வேலைக்குப் போற ஆம்பிளையள்தான், இரவிரவா மூங்கில் சீவி, பேப்பர் ஒட்டி, தராசு பாத்து. வாடைக்காற்று விழேக்க கூவிறதுக்கு விண் எண்டு நார் கட்டின பட்டத்தை விட்டிட்டு இரவு முழுக்க அது கூவிறதைப் படுத்திருந்து கேக்கிற சுகம் இருக்கே, அதை ஒரு பத்து வயதுப் பிள்ளை எவ்வளவு விரும்புதோ அதைவிடக் கூட ஒரு நாப்பது வயது மனிசன் விரும்புவான், ஏனெண்டா அவனுக்கு மற்ற இரவுகள் எப்பிடிப் போகுது எண்டு தெரியும்.

சனம் கதைக்கும்தான். எங்கட ஊரில கார் வாங்கினாலும் கதைக்கும் வாங்காட்டியும் கதைக்கும். மூண்டாம் தரம் உங்களைக் கண்டாப் பிறகு, “தம்பி, இந்தமுறை எத்தினை அடி?” எண்டு அவையே வந்து கேப்பினம்.

கனக்கச் செலவாகுமோ?

ஆகத் தேவையில்லை. ஒரு காட்ஸ் கட்டு, ஒரு நூலக அங்கத்துவம், வீட்டில ஏற்கெனவே நிக்கிற சயிக்கிள், இவ்வளவோட வருசக்கணக்கா ஓடலாம். கமரா, மீன்தொட்டி, பெரிய சயிக்கிள் எண்டு முதல் மாசமே காசைக் கொட்டவேண்டாம், இரவல் வாங்கிப் பழகுங்கோ, ஆறு மாசத்துக்குப் பிறகும் ஆசை இருந்தா அப்ப வாங்கலாம்.

நல்லாச் செய்ய வருது எண்டா அதால காசு உழைக்கலாம்தானே? யூரியூப் சனல் தொடங்கச் சொல்லுகினம்.

2022இல பொருளாதார நெருக்கடியில பட்ட பாட்டுக்குப் பிறகு இந்தக் கேள்வி கூடிப்போச்சு, அதில நியாயம் இருக்கு. சம்பளம் காணாத வீட்டில கேக் ஐசிங் தெரிஞ்ச மனிசி ஓடர் எடுத்தா அதில ஒரு பிழையும் இல்லை. ஆனா ஓடர் எண்டு வந்த உடன அது வேலை, நேரத்துக்குக் குடுக்கவேணும், சனத்துக்குப் பிடிச்ச நிறத்தில குடுக்கவேணும், குறை கேக்கவேணும். பறவையளைப் படம் எடுக்கத் தொடங்கி, நல்லா எடுக்கிறாய் எண்டு கலியாணவீடு சாமத்தியவீட்டுக்குக் கூப்பிட்டு, இப்ப கமராவை வேற ஒண்டுக்கும் தொடாத பெடியளை எனக்குத் தெரியும். உழைக்கிறாங்கள், நல்லம். அவங்களிட்ட நான் சொல்லுறது, கமராவை வேலைக்கு விட்டிட்டு உங்களுக்கெண்டு வேற ஒண்டு எடுங்கோ. வீணை, பூக்கண்டு, கரம்போட், என்னவும்.

சனலும் அப்பிடித்தான். எத்தினை பேர் பாத்தவை எண்டு ராத்திரி எழும்பிப் பாக்கிற நாளில இருந்து அது உங்கட ஆறுதலுக்குரிய இடம் இல்லை.

நான் எதிலயும் கெட்டிக்காரன் இல்லை. பிறகு ஏன் தொடங்குவான்?

இந்தக் கேள்விக்குப் பின்னால எங்கட ஊரின்ர முழுச் சரித்திரமும் நிக்குது. அஞ்சாம் வகுப்பில ஸ்கொலசிப், பிறகு ஓஎல், பிறகு ஏஎல், எதைத் தொட்டாலும் கடைசியில ஒரு பெறுபேறு வரவேணும். சங்கீதம் படிக்கிறதும் அப்பிடித்தான் ஆகிப்போச்சு. வட இலங்கை சங்கீத சபை தரம் தரமாச் சோதனை வைக்குது, அந்தச் சபை இல்லாட்டி இவ்வளவு ஊரிலயும் வாய்ப்பாட்டும் மிருதங்கமும் வயலினும் இவ்வளவு ஒழுங்காப் படிச்சிருக்க மாட்டினம், அதுக்கு நாங்கள் நன்றி சொல்லவேணும். ஆனா கனபேர் சோதனை முடிஞ்ச அண்டைக்கே பாட்டையும் முடிச்சுப்போட்டினம். வீணை உறை போட்டு அலுமாரிக்கு மேல ஏறிட்டுது. சேட்டிபிக்கற் பைலுக்குள்ள போட்டுது.

அந்த வீணையை இறக்கச் சொல்லித்தான் நான் கேக்கிறன். தந்தி மாத்தி, சுருதி சேத்து, சரளி வரிசையில இருந்து திரும்பத் தொடங்குங்கோ. இந்தமுறை சோதினைக்காரர் ஒருத்தரும் முன்னால இருக்கமாட்டினம். பிழை விட்டா விட்டதுதான், ஆர் கணக்கெடுக்கிறது? சின்ன வயதில பயத்தோட வாசிச்ச அதே கீர்த்தனை நாப்பது வயதில வேற மாதிரிக் கேக்கும், நடுவில நீங்கள் ஒரு சீவியம் சீவிச்சிருக்கிறியள். வயது வந்த ஆளுக்கு உலகத்தில எல்லா இடத்திலயும் கெட்டிக்காரனா நிக்கவேண்டிக் கிடக்கு, ஒவ்வீசில, லோன் எடுக்கிற வங்கியில, பிள்ளையின்ர ஸ்கூல் மீற்றிங்கில. கெட்டிக்காரனா இல்லாமல் நிம்மதியா இருக்க ஒரு இடம் வேணும் எண்டுதான் நான் நினைக்கிறன்.

பிள்ளையளை டான்ஸ், கராட்டி, சிற்றார் எண்டு விடுறம். அதுவே எங்களுக்குக் காணாதோ?

காணாது. அது பிள்ளையின்ர. அப்பா அம்மா தங்கட சந்தோசத்துக்கு ஒண்டு செய்யிறதைப் பாக்காத பிள்ளை, பெரிய ஆள் எண்டா வேலையும் கடனும்தான் எண்டு நினைச்சுத்தான் வளரும்.

பொம்பிளையளுக்கு இது சரிவருமோ? உண்மையைச் சொல்லுங்கோ.

உண்மையைச் சொன்னா, கஸ்டம், அதுக்குக் காரணம் பொம்பிளையளிட்ட இல்லை. மேல 4.15 எண்டு எழுதினன், வீட்டு வேலைக்கு 4.15 எண்டு ஒண்டு இல்லை. சனசமூக நிலையம் எல்லாருக்கும் எண்டுதான் போட்டில எழுதியிருக்கு, பின்னேரத்தில அங்க போய் ஒரு பொம்பிளை பேப்பர் விரிச்சு வாசிக்கிறதை நீங்கள் எத்தினை ஊரில கண்டிருக்கிறியள்? பொம்பிளையளுக்கு ஊர் விடுற பொழுதுபோக்கு முழுக்க வீட்டுக்குப் பிரயோசனப்படுறதுதான், தையல், வீட்டுத்தோட்டம், பலகாரம். அதுகள் நல்ல விசயங்கள், ஆனா ஒருத்தி சும்மா சயிக்கிள் ஓடிப்போட்டு வாறன், சும்மா படம் கீறப்போறன் எண்டா மட்டும் “உது என்ன தேவை” எண்ட கேள்வி வருது.

அதால ஆம்பிளையளுக்கு ஒண்டு சொல்லுறன். நான் மனிசியை விடுறன்தானே, போகலாம்தானே எண்டு சொல்லுறது காணாது. அந்த நேரத்தில அடுப்படியை நீங்கள் எடுக்கவேணும், புட்டு அவிக்கத் தெரியாட்டி பாண் வாங்குங்கோ. அவ திரும்பி வரேக்க கழுவாத கோப்பை அப்பிடியே கிடந்தா அந்த ஒரு மணித்தியாலத்தை நீங்கள் குடுக்கேல்ல, கடனாத்தான் குடுத்திருக்கிறியள்.

இப்ப பண்ணைக் கடற்கரைப் பக்கம் பின்னேரத்தில பொம்பிளையள் கூட்டமா நடக்கிறதைக் காண எனக்குச் சரியான சந்தோசம், நாலு பேர் சேந்தா ஊர் பழகிடுது. பிள்ளையள் எல்லாம் வெளிநாட்டில, பெரிய வீட்டில தனிய இருக்கிற அம்மாமார் கனபேர், அவை நாலைஞ்சு பேர் ஒரு வீட்டில கூடி பண் படிக்கிறதோ தாயம் உருட்டுறதோ, அதுக்கு ஒரு நாள் ஒதுக்கினா வீடியோ கோலில மகனுக்குச் சொல்லவும் ஒரு கதை இருக்கும்.

தனியச் செய்யிறது நல்லமோ, ஆக்களோட செய்யிறது நல்லமோ?

ரெண்டும் வேணும், ஆனா நிலைக்கிறது ஆக்களோட செய்யிறதுதான், இதில எனக்குச் சந்தேகம் இல்லை. தனிய ஓடப் போறவன் மழை இருண்டா நிண்டிடுவான். 304க்கு நாலாவது கை இல்லாமல் மூண்டு பேர் பாத்துக்கொண்டு இருந்தா மழையிலயும் குடை பிடிச்சுக்கொண்டு போவான்.

304 தெரியாத இளம் ஆக்களுக்கு: ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, ஒரு இனத்தில 76, நாலு இனத்திலயும் கூட்டினா 304, அதுதான் பெயர். எதிரெதிரா இருக்கிற ரெண்டு பேர் ஒரு பக்கம். துரும்பை மறைச்சு வைச்சுக்கொண்டு முன்னால இருக்கிற கூட்டாளியின்ர முகத்தைப் பாத்தே அவனிட்ட என்ன கிடக்கு எண்டு கண்டுபிடிக்கிற அந்த வித்தை வருசக்கணக்கா ஒரே ஆளோட விளையாடினாத்தான் வரும். அப்பிடி ஒரு ஆள் உங்களுக்கு இருக்கோ எண்டு யோசிச்சுப் பாருங்கோ. ஓவர்கேம் எண்ட எங்கட ஊர்க் கரப்பந்தும் அப்பிடித்தான், வேலை முடிஞ்சு சாரத்தை மடிச்சுக்கட்டிக்கொண்டு இறங்கினவை அதை விளையாட்டு எண்டுகூடச் சொல்லேல்ல, பின்னேரம் எண்டா அதுதான். முந்தி ஊரே இடத்தையும் நேரத்தையும் ஆக்களையும் தந்தது, நாங்கள் போய் நிண்டாச் சரி. இப்ப அந்த மூண்டும் இல்லாமல் ஒவ்வொருத்தரும் தனித்தனிய எனக்கு மனத்திடம் காணாது எண்டு தங்களைத் தாங்களே குறை சொல்லுகினம்.

எங்கட அம்மா அப்பா காலத்தில இதெல்லாம் இருந்ததோ? கஸ்டப்பட்ட சனம்.

இருந்தது, கனக்க இருந்தது. 1990களில கரண்ட் இல்லாத வருசங்களில சயிக்கிளைக் கவிட்டுப்போட்டுப் பெடலைச் சுத்தி, டைனமோவில ரேடியோவும் கசற்றும் கேட்ட சனம் இது. ஒராள் சுத்த மற்றவை பாட்டுக் கேட்டவை, கை நோக ஆள் மாறினவை. பாசையூர் குருநகர்ப் பக்கம் கடலுக்குப் போட்டு வந்தவை அண்ணாவியாரிட்ட மாசக்கணக்காக் கூத்துப் பழகி விடிய விடிய ஆடினவை. வசதி வந்தாப் பிறகு செய்வம் எண்டு அவை இருந்திருந்தா ஒண்டும் நடந்திருக்காது.

சரி, இதால ஊருக்கு என்ன பிரயோசனம்?

பிரயோசனம் வேணும் எண்டு தொடங்கத் தேவையில்லை. ஆனா கேட்டபடியால் சொல்லுறன். யாழ்ப்பாணப் பொது நூலகத்தின்ர தொடக்கம் 1933இல க.மு. செல்லப்பா எண்டவர் தன்ர வீட்டில வைச்சு ஆக்களுக்குப் புத்தகம் இரவல் குடுத்ததுதான். அது வளந்து 1959இல பெரிய கட்டடம் திறந்து, 1981இல எரிக்கேக்க உள்ள 97,000 அளவில புத்தகம் இருந்தது. 2005இல நூலகம் எண்ட இணையத்தளத்தைத் தொடங்கினதும் தன்னார்வலர்தான், பழைய நூல், சஞ்சிகை, பத்திரிகை எல்லாம் அதில இண்டைக்கு ஆரும் சும்மா வாசிக்கலாம்.

வண்ணார்பண்ணையில பிறந்த மயூரநாதன் ஒரு கட்டடக்கலைஞர், அரபு நாட்டில வேலை. 2003இல தமிழ் விக்கிப்பீடியாவில எழுதத் தொடங்கி ஆயிரக்கணக்கில கட்டுரை எழுதினவர், எல்லாம் வேலையோட. வெளிநாட்டில ரெண்டு சிப்ட் அடிக்கிற எங்கட பெடியளும் இந்தக் கேள்வியள் கேக்கிறவை, அவைக்கு நான் சொல்லுறது இவரைப் பற்றித்தான். ஆயிரம் கட்டுரை எழுதச் சொல்லேல்ல, உங்கட ஊர்க் குளத்தைப் பற்றி ஒண்டு எழுதுங்கோ.

மனதுக்கு நல்லம் எண்டு சொல்லுகினம், ஆராய்ச்சி ஏதும் இருக்கோ?

இருக்கு. 2023இல வந்த ஒண்டில 16 நாட்டில 65 வயதுக்கு மேற்பட்ட 93,000க்கு மேல ஆக்களின்ர தகவலைப் பாத்திருக்கினம், பொழுதுபோக்கு உள்ளவைக்கு மனச்சோர்வு குறைவு, சந்தோசமும் திருப்தியும் கூட எண்டு வந்தது. சந்தோசமா இருக்கிறவைதான் பொழுதுபோக்குத் தேடுகினம் எண்டும் சொல்லலாம், அதால இதை மருந்தா நினைக்கவேண்டாம். கிழமைக்கணக்கா நித்திரை இல்லை, ஒண்டிலயும் மனம் ஒட்டேல்ல, சாகலாம்போல கிடக்கு எண்டா பட்டமும் பூக்கண்டும் காணாது, டொக்டரிட்ட போங்கோ, 1926க்கு அடிச்சா இலங்கையில எங்க இருந்தும் மனநல உதவிக்குக் கதைக்கலாம்.

தொடங்கி விட்டிட்டன். திரும்ப எப்பிடி?

விட்ட இடத்தில இருந்து. ஒருத்தருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

எதைத் தொடங்கிறது எண்டே தெரியேல்ல.

காலத்தைப் பாத்து எடுங்கோ. கார்த்திகையில இருந்து மாசி வரைக்கும் எண்டா பண்ணைப் பாலத்தில ஏறி வேலணைப் பக்கம் போங்கோ, ரெண்டு பக்கமும் கடல் முழங்கால் ஆழம், வலசை வந்த பறவையள் நிக்கும், அதிஸ்டம் இருந்தா பூநாரையும் காணலாம். பேர் தெரியத் தேவையில்லை, கொப்பியில கீறி, கண்ட இடத்தையும் நேரத்தையும் எழுதுங்கோ, பேர் பிறகு வரும். வெயில் காலம் எண்டா ஊர்ச் சரித்திரம் எடுங்கோ. உங்கட ஒழுங்கைக்கு ஏன் அந்தப் பெயர், அந்தக் கிணறு ஆர் வெட்டினது, எந்தத் தோட்டத்தில முந்தி சுருட்டுக் கொட்டில் இருந்தது எண்டு எண்பது தாண்டினவையைக் கேட்டு போனில பதியுங்கோ. இதுக்கு அவசரம் இருக்கு, ஒவ்வொரு மழைக்கும் ரெண்டு மூண்டு பேர் போய்விடுகினம்.

எங்கட சனசமூக நிலையம் பூட்டிக் கிடக்கு. என்ன செய்யலாம்?

கனக்க ஊரில இதுதான் நிலைமை. நிலையம் பிரதேச சபையில பதிஞ்சிருக்கும், நிர்வாகசபை எண்டு ஒண்டும் பேரளவில எண்டாலும் இருக்கும். தலைவரையோ செயலாளரையோ வீட்டில போய்ச் சந்தியுங்கோ, குறை சொல்லப் போகாதேங்கோ, “அண்ணை, செவ்வாயும் சனியும் பின்னேரம் நாங்கள் திறந்து பூட்டுறம், திறப்பைத் தாங்கோ” எண்டு மட்டும் கேளுங்கோ. மூண்டு பேராப் போங்கோ, அதில ஒராள் பொம்பிளையா இருந்தா நல்லம், ஏனெண்டா பகல் 2 மணியில இருந்து 4 மணி வரைக்கும் பொம்பிளையளுக்கு எண்டு ஒரு நேரத்தையும் அப்பவே கேட்டு எடுக்கலாம். முதல் கிழமை கூட்டித் துடைச்சு, பல்ப் போட்டு, ஒரு கரம்போட்டும் அண்டையப் பேப்பரும் வையுங்கோ. ஒருத்தரும் வராட்டி நீங்கள் மூண்டு பேரும் விளையாடுங்கோ. அடுத்த பொதுக்கூட்டம் எப்ப எண்டு கேட்டு வைச்சு அதுக்குக் கட்டாயம் போங்கோ, நிர்வாகசபைக்கு ஆள் காணாது எண்டு தேடிக்கொண்டுதான் இருப்பினம்.